வெள்ளச்சியைத் தேடி வரும் புழு

சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். முதலில் ஓர் ஆடு படுத்துக் கிடக்கிறது.

குளக்கரை மடத்தில் ஆடுகளைப் பார்த்துக்கொள்பவர் மாசிலாமணி. தாடி நரைத்த சீடர். எல்லா ஆட்டுக்கும் மேய்ப்பர், வெள்ளச்சிக்கு மட்டும் தாய். அதன் தாடைக்குக் கீழே மறுபடியும் நீர் கோத்துத் தொங்கியது. ஈரல் புழு. மருந்து கொடுத்தால் போகிறது, திரும்பி வருகிறது. இன்றும் மருந்து கொடுத்த வைத்தியர், "இனி ஒரு தடவை வந்தா ஈரல் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி தன் குருவான மடத்துச் சாமியிடம் ஓடினார்.

"இத்தனை ஆடு இருக்கு சாமி. அந்தப் பாவிப் புழு என் வெள்ளச்சியை மட்டும் எப்படித் தேடி வருது?"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று கீச்சுக்குரலில் ஆரம்பித்தார்.

"'நான் புழுவோட முட்டைங்க! புழுக்கையோட விழுந்துட்டேன். குளத்துக்குப் போகணும், காலில்லையே!' ஒரு புண்ணியவான் வந்தான். கொட்டகையைக் கழுவி, தண்ணியைக் குளத்துல விட்டான்."

"சுத்தக்காரன்," என்றார் மாசிலாமணி.

"முட்டை பொரிஞ்சு நத்தைகிட்ட போச்சு." சாமியின் குரல் தடித்தது. "'உள்ள வா. சத்தம் மட்டும் போடாத.' ஒண்ணா நுழைஞ்சது கூட்டமா வெளிய வந்து, கரைப் புல்லுல ஒட்டிக்கிச்சு." மறுபடி கீச்சுக்குரல். "'ஐயோ, ஆடெல்லாம் மேட்டுல மேயுதே!'"

"மாட்டுச்சா!" மாசிலாமணி கைதட்டினார்.

"எங்க மாட்டுச்சு? அதே புண்ணியவான் அரிவாளோட வந்தான். கரையில இளசாப் பார்த்து அறுத்தான். தோள்ல சுமந்துபோய், தனக்குப் பிடிச்ச ஆட்டுக்கு ஊட்டியே விட்டான்."

மாசிலாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புழுவுக்குப் பல்லக்கு தூக்கியிருக்கானே மடப்பய! யாரு சாமி அவன்?"

சாமி கீரையைக் கீழே வைத்தார். மாசிலாமணியின் தோளில் ஒட்டியிருந்த பச்சைப் புல் ஒன்றை மெல்ல எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. மாசிலாமணி புல்லையே பார்த்தார்.

"இளம்புல்லுன்னா அவளுக்கு உசுரு சாமி..."

"எனக்குத் தெரியும்யா," என்றார் சாமி. "புழுவுக்கும் தெரியும்."