துலாபாரத்துக்கு ஏற்ற புளியமரம்

வேங்கைநாட்டு மன்னர் மாறவேளுக்கு மரம் என்றால் உயிர். யாரும் மரம் வெட்டக் கூடாது என்று தடை போட்டார். நல்லதுதான். அந்தத் தடையைக் காக்க ஓர் அதிகாரியையும் போட்டார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அதிகாரி பெயர் கிள்ளிநம்பி. பட்ட மரத்தையும் ஆபத்தான மரத்தையும் மட்டும் வெட்டலாம் என்று விதிவிலக்கு இருந்தது. எது பட்டது, எது ஆபத்து என்று சொல்ல வேண்டியவர் அவர். வாயைத் திறந்தால் "முடியாது" தவிர வேறு வராது.

நெசவுக்காரி பொம்மக்காவின் தறிக்கொட்டகை மேல் ஒரு புளியமரம் சாய்ந்து நின்றது. அடியெல்லாம் கரையான். ஐப்பசி மழைக்குப் பத்தே நாள். ஆறாவது முறையாக மனுவோடு வந்து நின்றாள்.

"இலை இருக்கிறதே, அது பட்ட மரம் எப்படி ஆகும்?" என்றார் நம்பி.

"ஆபத்தா இருக்குங்க, ஐயா. அடியில பிள்ளைங்களோட அஞ்சு பேர் இருக்கோம்."

"விழுந்ததா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்புறம் என்ன ஆபத்து? விழட்டும், பிறகு வா."

இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலேயே, 'மரம் உறுதியானது' என்று ஓலை எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பொம்மக்கா நேராக அரசவை விகடர் சாத்தனாரிடம் போனாள்.

"அழாதே அக்கா," என்றார் அவர்.

"நான் எங்கே அழுதேன்? பத்திக்கிட்டு வருது!"

சாத்தனார் ஓலையைப் படித்தார். "அடடா, அருமையான ஓலை! என்னிடம் கொடு."

மறுநாள் அவையில் மன்னருக்கு ஒரு கவலை. பிறந்தநாள் துலாபாரம் நெருங்கிவிட்டது. ஒரு தட்டில் மன்னர், மறுதட்டில் வெல்லம். தராசு தொங்கும் மண்டபத்து உத்தரமோ போன வருஷமே முறிந்துவிட்டது. மன்னரின் உடல்வாகு அப்படி.

"கவலை எதற்கு, அரசே?" சாத்தனார் ஓலையை நீட்டினார். "பொம்மக்கா வீட்டுப் புளியமரம் உறுதியானது என்று நம்பி ஐயாவே முத்திரை குத்தியிருக்கிறார். அதிலே கட்டுவோம்."

"பலே! அப்படியா நம்பி?"

"ஆ... ஆமாம், அரசே. ஆனால்..."

"உறுதி சொன்னவர்தானே முதலில் தட்டில் ஏறிப் பார்ப்பது வழக்கம்?" என்றார் சாத்தனார். "எதிர்த்தட்டில் மன்னர் எடைக்கு வெல்லம். ஏறுங்கள், ஐயா."

நம்பி தடாலென்று காலில் விழுந்தார். "வேண்டாம், அரசே! அடியெல்லாம் கரையானாம்! இப்போதே வெட்டச் சொல்கிறேன்!"

"எந்த விதிவிலக்கில்?" என்றார் சாத்தனார். "அடியில் ஐந்து பேர் இருந்தும், 'விழட்டும், பிறகு வா' என்றீர்களே! அதுதான் இன்னும் விழவில்லையே!"

மன்னரின் மீசை துடித்தது. "ஐந்து உயிர் இருக்கும்போது உறுதியான மரம், நீர் ஏறும்போது கரையான் மரமா?"

அன்று மாலையே புளியமரத்தைக் கயிறு கட்டிப் பத்திரமாக இறக்கினார்கள்.

"சாத்தனாரே, இந்த விதியை எப்படித் திருத்தலாம்?"

"விதி அப்படியே இருக்கட்டும், அரசே. ஒரு வரி மட்டும் சேருங்கள். மரம் உறுதியானது என்று முத்திரை குத்துகிற அதிகாரி, அதன் அடியில் உட்கார்ந்துதான் குத்த வேண்டும்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் சிங்காதனம் கிறீச்சிட்டது.