ஒன்றரைக்கு ஒருத்தி, இரண்டரைக்கு ஒருத்தி

"ரெண்டு பேரையும் பேச வைக்கணும் சாமி. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் ஆஸ்பத்திரி மேட்ரன் சொர்ணபாக்கியம்.

கட்டுச்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பெரியவரின் குதிகாலில் இருந்த புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றார்.

மேட்ரன் குனிந்து பிடித்துக்கொண்டார்.

மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. நடந்தே மலைக்கு வருகிறவர்களின் கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதுதான் அங்கே நடக்கிற பூஜை. அதனால்தான் அவர் கட்டுச்சாமி. ஆசி கேட்டு வருகிறவர்களுக்கு அவரிடம் ஒன்றும் கிடைக்காது. பஞ்சை எடுத்துக் கொடுக்கச் சொல்வார்.

சாமிக்கு வயது நாற்பத்தொன்று. மேட்ரனுக்கு ஐம்பத்தேழு.

பதினாறு வருடத்துக்கு முன்னால் இவர் அந்த மேட்ரனிடம்தான் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக வேலை பார்த்தார். ஒரு புண்ணோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்று தினமும் திட்டு வாங்கினார். ஒரு நாள் சீருடையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவரைப் போய் இப்போது சாமி என்று கூப்பிட மேட்ரனுக்கு நாக்கு கொஞ்சம் இடறத்தான் செய்தது. ஆனால் வேறு போக்கிடம் இல்லை.

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"ஆபரேஷன் வார்டு சிஸ்டருங்க. காலைல ஏழுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் உமையாள். ரெண்டு மணிக்கு ரோஸ்லின் வந்து மாத்திவிடுவா. பதினோரு வருஷமா ஒரே வார்டு. ஒருத்தி டிபன் பாக்ஸை இன்னொருத்திதான் திறப்பா, அப்படி இருந்தாங்க."

"என்ன ஆச்சு?"

"போன ஐப்பசில ஒரு பேஷண்டுக்குக் குளுக்கோஸ் ஏத்தின கை வீங்கிடுச்சு. அது உமையாள் டூட்டி. ரெண்டு மணிக்கு வந்த ரோஸ்லின் அதைப் பாத்துட்டு, சம்பவ ரிஜிஸ்டர்ல உமையாள் பேரைப் போட்டு எழுதிட்டா. 'எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?'ன்னு இவ. 'வீங்கின கையைப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியுமா?'ன்னு அவ. ரெண்டு பேரு சொல்றதும் நியாயம்தான். அதான் தொல்லையே."

டூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நர்ஸ்கள் அதை ஓவர் கொடுப்பது என்பார்கள். அந்த வார்டில் எட்டு மாதமாக ஓவர் ஊமையாக நடக்கிறது. உமையாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவள் போன பிறகு ரோஸ்லின் வந்து எடுத்துப் படிப்பாள்.

"போன வாரம் ஒரு கொத்தனாருக்குச் சாயங்காலம் ஆபரேஷன். வெறும் வயிறா இருக்கணும்னு உமையாள் நோட்டுல எழுதியிருக்கா, பக்கத்துக்குப் பின்னாடி. ரோஸ்லின் திருப்பிப் பாக்கல. மூணு மணிக்குக் காப்பியும் பன்னும் குடுத்துட்டா. ஆபரேஷன் நின்னுபோச்சு."

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல, புண்ணியம். ஆனா நிர்வாகம் விடுமா? திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு பேர்ல ஒரு பேரை எழுதிக் குடுன்னுட்டாங்க. எழுதினா அவளைத் தூரத்துல இருக்கற கிளைக்கு மாத்திடுவாங்க. உமையாளோட அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். ரோஸ்லின் பொண்ணு பத்தாவது. யார் பேரை சாமி எழுதுவேன்?"

அன்று சனிக்கிழமை.

"நீங்க என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"என்ன செய்யல? கமிட்டி போட்டேன். மிரட்டினேன். கெஞ்சினேன். நர்ஸ் தினத்தன்னிக்கு ரெண்டு பேரு கையையும் சேத்துப் பிடிச்சுக் கேக் வெட்ட வெச்சேன். கேக்குதான் ரெண்டாச்சு."

பெரியவர் சிரித்துவிட்டார். கால் ஆடியது. மேட்ரன் இறுக்கிப் பிடித்தார்.

சாமி சிரிக்கவில்லை.

"எனக்கு ஓவர் குடுங்க" என்றார்.

"எதை?"

"அவங்க ரெண்டு பேரையும். ரெண்டு பெட்டுன்னு நினைச்சுக்குங்க."

இது மேட்ரனுக்குக் கைவந்த வேலை. முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

"ஒண்ணாம் பெட்டு, உமையாள். வயசு நாப்பத்திமூணு. எட்டு மாசமாக் கோபம். குறையவே இல்ல. பேரைக் கெடுத்துட்டான்னு தினமும் சொல்றா. ரெண்டாம் பெட்டு, ரோஸ்லின். வயசு நாப்பது. மன்னிப்புக் கேக்க மாட்டேங்கறா. நோட்டுல எழுத்துப் புரியலேன்னு புகார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மத்தபடி ஒண்ணும் இல்ல."

சாமி பெரியவரிடம் திரும்பினார். "ஐயா, இன்னிக்கு எப்படி இருக்கு?"

"வலி இருக்கு. ஆனா நேத்து ராத்திரி தூங்கிட்டேன்."

"மேட்ரனம்மா, இவரைப் பத்தி அடுத்த ஆள்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"குதிகால்ல புண்ணு. வலி இருக்கு."

"தூங்கினது?"

"அதை எதுக்குச் சொல்லணும்? இருபத்தெட்டு பெட்டு சாமி. குறை இருந்தாச் சொல்லுவோம். நல்லா இருக்கறதை எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா பொழுது விடிஞ்சிடும்."

பெரியவருக்குச் சுருக்கென்றது. "எட்டு நாள் கழிச்சு நேத்துதாம்மா தூங்கினேன். அதைப் போய் விட்டுட்டீங்களே!"

மேட்ரன் காலை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

சாமி பஞ்சை மருந்தில் நனைத்தார். புண்ணில் வைத்தார்.

மேட்ரன் புண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"தை மாசம் உமையாள் எங்கிட்டக் கேட்டா. 'ரோஸ்லின் இருமிக்கிட்டே இருக்காளே மேடம், எக்ஸ்ரே எடுத்தாளா?'ன்னு."

"ம்."

"பங்குனில ஒரு ஓவர் நோட்டு தீந்துபோச்சு. ரோஸ்லின் வந்து, 'அந்த நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துக்கட்டுமா மேடம்? அவ பேச்சுதான் இல்ல, எழுத்தாவது எங்கிட்ட இருக்கட்டும்'னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரி ரெக்கார்டு வெளிய போகக் கூடாதுன்னு சொல்லி அலமாரில வெச்சுப் பூட்டிட்டேன்."

பெரியவர் ஸ்ஸ் என்றார். மருந்து எரிந்ததாலா என்று தெரியவில்லை.

"அவ கேட்டதை இவகிட்டயும், இவ கேட்டதை அவகிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அது புகார் இல்லையே சாமி. நான் என்னன்னு அதுக்கு நடவடிக்கை எடுப்பேன்?"

சாமி முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் மேட்ரனம்மா?" என்று மறுபடியும் கேட்டார். அதே கேள்விதான். திட்டு வாங்கிய காலத்தில்கூட அவர் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

மேட்ரன் மலையைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"டூட்டிக்கு முன்னாடி ஒன்றரைக்கு ரோஸ்லின் என் ரூமுக்கு வருவா. அவளைப் பத்திக் குறை சொல்லிக்கிட்டே எனக்குக் குழம்பு ஊத்துவா. டூட்டி முடிஞ்சு இரண்டரைக்கு உமையாள் வருவா. இவளைப் பத்திக் குறை சொல்லிக்கிட்டே டீ ஆத்துவா. எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ். என் ரூமுக்கு வர்றவங்க லீவு கேக்க வருவாங்க, இல்ல திட்டு வாங்க வருவாங்க. உக்காந்து பேச ஒருத்தரும் வந்ததில்ல. இந்த எட்டு மாசமாத்தான் ரெண்டு பேரு வர்றாங்க."

பெரியவரின் காலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவ நோட்டைக் கேட்டான்னு உமையாள்கிட்டச் சொல்லியிருந்தா, அன்னிக்கே ரெண்டு பேரும் ஒண்ணாயிருப்பாங்க. அப்புறம் எங்கிட்ட யாரு சாமி வருவா?"

சொல்லிவிட்டு அழுதார். இந்த மேட்ரன் அழுது ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அவரே பார்த்ததில்லை.

சாமி கட்டுக்கு முடிச்சுப் போட்டார்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு யாரு டூட்டி?"

"அவங்கதான்."

"பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்கு நகர்ந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு உமையாள் நோட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். எதிரே மேட்ரன். அவருக்குப் பின்னால் ரோஸ்லின்.

"நில்லு" என்றார் மேட்ரன். "இன்னிக்கு ஓவர் நான் குடுக்கறேன்."

இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தை மாதத்து எக்ஸ்ரேயைச் சொன்னார். பங்குனி மாதத்து நோட்டைச் சொன்னார். நடுவில் நடந்த சின்னச் சின்ன விசாரிப்புகளையும் ஒன்று விடாமல் சொன்னார். நினைவில் அத்தனையும் பத்திரமாக இருந்தது. இருக்காதா பின்னே? யாருக்கும் செலவழிக்காமல் வைத்திருந்தாரே.

"இதையெல்லாம் உங்ககிட்டச் சேக்காம நானே வெச்சுக்கிட்டேன். தப்பு என்னோடது."

ஏழாம் கட்டிலில் இருந்தவர் வேடிக்கை பார்க்க எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் தரையிடம் சொன்னாள்: "எக்ஸ்ரே எடுத்தேன். ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க."

உமையாளும் தரையிடமே கேட்டாள்: "எப்ப எடுத்த?"

"மாசில."

"தைல வந்த இருமலுக்கு மாசில எடுத்தியா? அறிவிருக்காடி உனக்கு?"

"கூட வர ஆள் இல்ல. தனியாப் போகப் பயமா இருந்துச்சு."

"வாயைத் திறந்து கூப்பிட வேண்டியதுதானே?"

"நீதான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனியே!"

சண்டை பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் தேங்கிய சண்டை. இருவரும் அழுதுகொண்டே போட்டார்கள். ஏழாம் கட்டில்காரர், "சிஸ்டர், எனக்குக் குளுக்கோஸ் பாட்டில் தீரப்போகுது" என்று கத்த, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள்.

மேட்ரன் சத்தமில்லாமல் தன் அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை நிர்வாகத்துக்கு அவர் கொடுத்த தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது. சொர்ணபாக்கியம், மேட்ரன். செய்தியைக் கொண்டுசேர்ப்பதில் தவறு இழைத்தவர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நிர்வாகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் முதல் மெமோவை அவருக்குக் கொடுத்துவிட்டு, மாறுதல் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மேட்ரன் மறுபடியும் கொட்டகைக்கு வந்தார்.

"பேசறாங்களா?" என்றார் சாமி.

"பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் இப்ப ஆள் போடணும். ரோஸ்லின் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடறா. வார்டுக்குப் பின்னாடி சாப்பாட்டு ரூம்ல எல்லாரும் கும்பலாச் சாப்பிடறாங்க. உமையாள் அஞ்சு நிமிஷம் ஓடி வந்து அவளுக்கு ஒரு வாய் குடுத்துட்டுப் போறா. சிரிப்புச் சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான் சாமி."

சாமி அடுத்த கட்டைப் பிரித்தார்.

"இந்த வாரம் முழுக்க ஒருத்தரும் என் ரூம் பக்கம் வரல. நன்றி கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். சந்தோஷத்துல மறந்துட்டாங்க. ஒன்றரை மணியானா என் கண்ணு தன்னால கதவுப் பக்கம் போகுது. அதை மட்டும் நிறுத்த முடியல."

"எட்டு மாசமா அவங்க உங்ககிட்ட வந்தாங்க" என்றார் சாமி. "நீங்க எப்பவாவது அவங்ககிட்டப் போயிருக்கீங்களா?"

"சிஸ்டருங்க சாப்பிடற இடத்துக்கு மேட்ரன் போற வழக்கமே கிடையாது சாமி. நான் உள்ள போனா அத்தனை பேரும் சோத்துக் கையோட எழுந்து நின்னுடுவாங்க."

சாமி அவர் கையில் பஞ்சைக் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் நிப்பாங்க" என்றார். "அப்புறம் உக்காந்துடுவாங்க."