பச்சை விழுந்த பால்

கொட்டாங்குடி நாற்சந்தியில் ஓர் ஆய்வுக்கூடம். கணினியில் நிரல் எழுதி, அதை மரபணுவாகக் கோத்துக் கிருமிக்குள் வைப்பார்கள். கிருமி சொன்னபடி கேட்கும். அங்கே வேலை பார்த்த சவரிராயன், பிச்சையப்பன், தேவசகாயம் மூவரும் கிருமியைவிடச் சொன்னபடி கேட்பவர்கள்.

ஒருநாள் லூர்தம்மாள் கைக்குழந்தையும் பால் தூக்குவாளியுமாக ஓடிவந்தாள்.

"பால் கெட்டிருக்குமோன்னு பயமா இருக்குண்ணே. புள்ள பசியில கத்துது."

கூடத்தை நடத்தும் டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். போகும்போது கிருமிக் குப்பியையும், அதற்கு எழுதிய நிரலையும் மேசைமேல் வைத்திருந்தார்: 'பால் புளித்திருந்தால் பச்சையாக ஒளிர். இல்லையேல் மறுபடி பார்.'

சவரிராயன் குப்பியைத் தூக்குவாளிக்குள் கவிழ்த்தான். ஒன்றும் ஒளிரவில்லை.

"அப்ப நல்ல பால்தானே? குடுங்கண்ணே!"

"அவசரப்படாத தாயி. மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கு."

மறுபடி பார்த்தார்கள். அதற்கும் மறுபடி பார்த்தார்கள். குழந்தை வீறிட்டது.

பிச்சையப்பனுக்குத் திடீரென்று சந்தேகம். "நேத்துப் பொறந்த கிருமிடா. பச்சைன்னா என்னன்னு அதுக்கு யாரு காட்டினா?"

கறிவேப்பிலையை வாளிக்கு நேரே பிடித்தார்கள்.

"இது கரும்பச்சை. பாவம், குழம்பிடும்" என்றான் தேவசகாயம். வெற்றிலை வந்தது.

மூன்று மணி வெயிலில் பால் திரிந்தது. வாளி பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது.

"பச்சை விழுந்துருச்சு!" சவரிராயன் குதித்தான். "இனி போகலாம்னு அர்த்தம். புள்ளைக்குக் குடு தாயி!"

"மொதல்ல நீங்க குடிங்க."

குடித்தார்கள். மூன்று வயிறும் சட்டைக்குள்ளே பளிச்சென்று எரிந்தன.

"போய் நல்ல பால் வாங்கிட்டு வாங்க!" என்று அழுதேவிட்டாள் லூர்தம்மாள்.

பால்கடை சாலைக்கு எதிர்ப்பக்கம். மூவரும் ஓரத்தில் போய் நின்றார்கள். வந்த லாரியெல்லாம் மூன்று பச்சையைப் பார்த்ததும் இன்னும் வேகமெடுத்தது. அரைமணி நேரம் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

"வெளிச்சம் வயித்துலதானே? முதுகைக் காட்டுவோம்" என்றான் பிச்சையப்பன்.

காட்டினார்கள். பச்சை மறைந்தது. வண்டிகள் கீச்சிட்டு நின்றன.

லூர்தம்மாள் விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள். பால் வாங்கி, காய்ச்சி ஆற்றித் தரச் சொல்லி, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஊட்டினாள். குழந்தை ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனது.

மூவரும் சாலைக்கு முதுகைக் காட்டியபடியே, நேரே முன்னால் நடந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, மேசையைத் தட்டினார்கள்.

"அண்ணாச்சி, அரை லிட்டர் பால்!"

"கடையில ஆளையே காணோமே" என்றான் தேவசகாயம்.

"மறுபடி பார்" என்றான் சவரிராயன்.