இரண்டு உறை, மூன்று கை

முந்திரிக் கொட்டகையில் வறுக்கும் புகை கிளம்பிவிட்டால் காலையும் தெரியாது, மாலையும் தெரியாது. கொட்டை உடைக்கிற மூன்று பெண்களும் மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். தூர நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் அழகுதான் போங்கள்!

வலது கையில் சுத்தி, இடது கையில் கொட்டை. ஓடு பிளந்ததும் வடிகிற எண்ணெய் இடது கை விரல்களை வேகவைத்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். சாம்பல் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மரகதத்துக்கு விரலெல்லாம் வெடிப்பு. சோற்றில் உப்புப் பட்டாலே கண் கலங்கிவிடும். தில்லைநாயகி கைக்குழந்தைக்காரி. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் எண்ணெய் தங்கி, அவள் வருடிய குழந்தையின் கன்னம் கொப்பளித்துப்போனது. அன்றிலிருந்து தூளியைக் காலால்தான் ஆட்டுகிறாள். பிள்ளையை ஆசை தீரத் தொடுவதெல்லாம் கனவில். மூன்றாவது எஸ்தர். புதிதாக வந்தவள், கையில் இன்னும் ஒரு கீறல் இல்லை.

ஒருநாள் மேஸ்திரி ஆரோக்கியசாமி ஒரே ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொண்டுவந்தார். யாருக்கு ரொம்பத் தேவையோ அவளுக்குக் கொடு என்றாராம் முதலாளி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

எஸ்தர் வலது உறையை உள்புறம் வெளியே வரும்படி புரட்டினாள். அதுவும் இடது கைக்குப் பொருந்திவிட்டது. ஆக, உறை இரண்டு, கை மூன்று.

"வெந்த கைக்குத்தான்டி வலி தெரியும். எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள் மரகதம்.

"எங்கை எப்படியோ போகட்டும்க்கா. எம்புள்ளையத் தொடணும் நான்" என்றாள் தில்லை.

எஸ்தர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்களுக்கு வந்தது எனக்கு இன்னும் வரலக்கா. வராம இருக்கத்தானே கிளவுசு?"

மூன்றும் நியாயம். மேஸ்திரி புகைக்குள் நின்று உறைகளை மறுபடி எண்ணினார். நீங்களே சொல்லுங்கள்: மூவரில் யாரை உறையில்லாமல் விடுவது சரி?

விடை: ஒருத்தியையும் விடக்கூடாது. மூவரும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது உறை வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வறுத்த கொட்டை மலையாகக் குவிந்தது. பொழுது சாய்வதற்குள் இன்னொரு ஜோடி வந்து சேர்ந்தது. முதலில் எனக்கு வேண்டும் என்றுதான் மூவரும் கேட்டிருந்தார்கள். அவளுக்கு வேண்டாம் என்று ஒருத்தியாவது சொன்னாளா? நாம்தான் ஒருத்தியைக் கழிக்கப் பார்த்தோம்.