கையின் கனம்

"படம் கலங்கினால் கையை அழுத்து…" தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் அடிக்கடி சொன்னது. அதற்கு இன்னொரு பாதி இருந்தது. திருமலைச்சாமிக்கு அது மறந்துவிட்டது. இருபது வருடம் மஸ்கட்டில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஊர் திரும்பியபோதும் முதல் பாதி மட்டும் கையோடு வந்தது.

நாகப்பட்டினத்தில் ஒரு சின்ன ஸ்கேன் மையத்தில் சேர்ந்தார். அங்கே சதையின் இறுக்கத்தை அளக்கும் புதுக் கருவி இருந்தது. காதுக்குக் கேட்காத ஒலியால் உள்ளே மெல்லத் தட்டும். அதனால் எழும் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும். இறுகிய சதையில் விரைவாக ஓடும், இளகியதில் மெதுவாக. இறுகியது திரையில் சிவப்பாகத் தெரியும், இளகியது நீலமாக. அதை இயக்கக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மெஹர்பானு. குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு நாற்பத்தெட்டு.

அன்று காலை படுக்கையில் பூங்காவனம். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிற வயதான பெண். கழுத்தில் கட்டி. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தும் ஒன்றும் தெளிவாகவில்லை. கட்டி இறுகியிருந்தால் அறுவை. அறுத்தால் குரல் போனாலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

திருமலைச்சாமி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் திரை சிவந்தது.

"டாக்டரம்மா, இந்தத் தம்பி ஸ்கேன் எடுக்குதா, கழுத்த நெரிக்குதா?" என்றார் பூங்காவனம்.

திருமலைச்சாமி டாக்டரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "கல்லு மாதிரி இருக்கு மேடம். எழுதிடட்டுமா?"

மெஹர்பானு கருவியைச் சோதிக்க வைத்திருந்த ஜெல் கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் இறுக்கம் பன்னிரண்டு என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது.

"இத அளங்க சார்."

அளந்தார். இருபத்தொன்று.

"மெஷின்ல கோளாறு மேடம்."

மெஹர்பானு ஸ்கேனுக்குத் தடவும் பசையை அதன்மேல் தாராளமாகப் பிதுக்கினார். தோலில் வைத்து அளக்கும் ப்ரோப்பைப் பசைமேல் மிதக்கும்படி பிடித்தார். பன்னிரண்டு.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"இப்படிப் பிடிச்சா படம் மங்குமே?"

"மங்கும்."

"மங்கின படத்த எப்படி மேடம் நம்பறது?"

"இங்க படத்துக்கு மார்க் இல்ல சார். அளவுக்குத்தான்."

திருமலைச்சாமி படுக்கைக்குத் திரும்பினார். கழுத்தில் பசையை வழிய விட்டார். கை பழக்கத்தில் தானாகவே கீழே இறங்கியது. முழங்கையைத் தலையணையில் ஊன்றி அதை நிறுத்திக்கொண்டார். படம் மங்கியது. அப்படியே விட்டார்.

திரை நீலமாயிற்று. ஐந்து முறை அளந்தார். ஐந்து முறையும் நீலம்.

"என்னப்பா பேச்சக் காணோம்? ஏலத்துல இவ்ளோ நேரம் யோசிச்சா மீனு நாறிடும்."

"நல்ல சேதிதாம்மா" என்றார் மெஹர்பானு. "இப்பக் கத்தி வேணாம்னு எழுதறேன். ஆறு மாசத்துல மறுபடி வந்து காட்டுங்க."

பூங்காவனம் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே இருந்த மகளைக் கூப்பிட்டார். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அவர் போன பிறகும் திருமலைச்சாமி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், அப்போ நான் பார்த்த கல்லு?"

"இருந்துச்சு சார். நீங்க கைய எடுத்ததும் போயிடுச்சு."

பெரியவர் சொன்னதில் மறந்திருந்த பாதி திருமலைச்சாமிக்கு நினைவுக்கு வந்தது: "அளக்கும்போது கையை எடு." நோயாளிகள் பதிவேட்டைத் திறந்தார். புதுக் கருவியைக் கையில் எடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் அளந்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரையும் திரும்ப வரச்சொல்வதென்று முடிவு செய்தார்.