ப்ளீச்சிங் பவுடரில் கழுவிய சம்ப்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிஷ்யர் தம் குருவோடு சண்டை போடக் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனார். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்குள் மூன்று செத்த மீன்கள்.

சிஷ்யருக்கு அறுபத்திரண்டு வயது. பெயர் தில்லைநாயகம். முப்பத்துநாலு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு முப்பத்தாறு. பெயர் எஸ்தர். அலங்கார மீன் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான்கு மாதம் உட்கார்ந்து, நோட்டுப் போட்டு எழுதி, மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டவர் தில்லைநாயகம். எஸ்தரைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார், பிறகு அதுவே பழகிவிட்டது.

அன்றைக்கு அந்தக் "குருவே" வரவில்லை.

"நோய் புடிச்ச மீனை என் தலையில கட்டிட்டியேம்மா! உன்னை நம்பித்தானே வாங்கினேன்?"

டிபன் பாக்ஸ் மேஜையில் ணங்கென்று உட்கார்ந்தது.

"எப்ப செத்துச்சு சார்?"

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு. மிச்சம் ஒன்பதும் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."

"தண்ணி எப்படி இருக்கு?"

"கண்ணாடி! நீயும் நானும் குடிக்கலாம். நான் வச்சிருக்கற சுத்தத்துல ஒரு மீன் சாகுதுன்னா, அது மீனோட கோளாறுதான்."

எஸ்தர் பதிலுக்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தில்லைநாயகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வழி முழுக்கத் தில்லைநாயகம் பொருமிக்கொண்டே நடந்தார். மீன் பாதிக் காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போகிறார்கள். டெம்போ பேசியாகிவிட்டது.

"ரெண்டு மாசமா மாமியாரும் மருமகளும் மூஞ்சியில முழிக்கறதில்லம்மா. பேசினா சண்டை. பேசலேன்னா பாத்திரம் பறக்குது. ஒரே பையன். அவனும் போறேங்கறான். நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன், சொல்லு? எனக்கு மட்டும் ஏன் இப்படி?"



கூடத்தில் கட்டிய அட்டைப்பெட்டிகள் அடுக்கி இருந்தன. சுவரோரம் ஐந்தடி மீன் தொட்டி. எஸ்தர் தொட்டியைப் பார்க்கும் முன்பு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கோகிலாம்மா எங்க சார்?"

கோகிலா தில்லைநாயகத்தின் மனைவிக்குத் தங்கை. கணவர் இறந்த பிறகு எட்டு வருடமாக இந்த வீட்டில் இருந்தவர். எஸ்தர் தொட்டியைப் பொருத்த வந்த மூன்று நாளும் டீ போட்டுக் கொடுத்து, எஸ்தரின் வீட்டுக் கதையையும் கேட்டுக்கொண்டவர் அவர்தான்.

"ரெண்டு மாசம் முன்னாடியே திண்டிவனத்துக்கு அனுப்பிட்டேன். அங்க அவ கொழுந்தன் வீடு இருக்கே."

"ஏன் சார்?"

"ஏனா? என் பொண்டாட்டி மருமகளைப் பத்தி அவகிட்ட சொல்லுவா. மருமக போய் மாமியாரைப் பத்தி அவகிட்டயே சொல்லுவா. பையன் வந்து என்னைப் பத்திச் சொல்லுவான். அவ எல்லாத்துக்கும் தலையாட்டுவா. இந்த வீட்டு ஊத்தை மொத்தமும் ஒரே எடத்துல! கண்ணால பார்த்தேன், மறுநாளே பஸ் ஏத்திட்டேன். எட்டு வருஷக் குப்பை, ஒரே நாள்ல சுத்தம்."

சொல்லும்போது குரலில் பெருமைகூட இருந்தது. சாயங்காலமானால் தன் பழைய மேலதிகாரியைத் திட்டித் தீர்க்கத் தானும் கோகிலாவிடம்தான் போய் உட்காருவார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எஸ்தர் தொட்டிக்குக் கீழே குத்துக்காலிட்டு, அலமாரிக் கதவைத் திறந்தார்.

உள்ளே இருந்தது சம்ப். வாசலில் மெட்ரோ தண்ணீர் பிடித்து வைக்கும் சம்ப் இல்லை இது. மீன் தொட்டிக்கு அடியில் மறைவாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே இருக்கும் தண்ணீர் குழாய் வழியாக இதில் இறங்கும். முதல் அறையில் பஞ்சு, அடுத்ததில் பீங்கான் வளையங்கள், கடைசியில் மோட்டார். மோட்டார் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். வருகிறவர்கள் மேலே மீனைப் பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். கீழே இருக்கும் கதவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

தில்லைநாயகம் திறந்து பார்த்திருந்தார். அது அவர் உடம்போடு பிறந்த குணம். வளையங்கள் அப்போதுதான் கடையிலிருந்து வந்தவைபோல வெளேரென்று இருந்தன.

"கழுவினீங்களா?"

"போன சனிக்கிழமை. ஒவ்வொரு வளையத்துலயும் பழுப்பா, வழவழன்னு ஒரு படலம். சாக்கடை தோத்துச்சு போ! முப்பத்துநாலு வருஷம் அந்த வழவழப்போட மல்லுக்கட்டினவன் நான், விடுவேனா? ப்ளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சு, அஞ்சு தண்ணி அலசி, மொட்டைமாடி வெயில்ல காயவச்சு மாட்டினேன்."

எஸ்தர் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, தொட்டித் தண்ணீரைப் பிடித்தார். மருந்து நாலு சொட்டு விட்டுக் குலுக்கினார். கண்ணாடிபோல இருந்த தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

"என்னம்மா இது?"

"விஷம் சார். மீனோட கழிவு. கண்ணுக்குத் தெரியாது."

"எங்கேர்ந்து வந்துச்சு? அதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டேனே!"

"மீன் இருந்தா கழிவு இருக்கும். தெனமும் வரும்."

"இத்தனை நாள் எங்க போச்சு?"

எஸ்தர் ஒரு வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல ஒரு பழுப்பு இருந்துச்சில்ல, அதுதான் தின்னுச்சு. அது உசுரு சார், நல்ல கிருமிங்க. நீங்க கழுவினது அழுக்க இல்ல, அழுக்கத் தின்னுக்கிட்டு இருந்தவங்கள."

தில்லைநாயகத்துக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நேற்றுப் பிறந்த பெண், தனக்குச் சுகாதாரம் சொல்லித் தருகிறாள்!

"கதை விடாதே! அழுக்கு எங்க இருக்கோ அங்கதான் நோய். எனக்குத் தெரியாதா? என் கண்ணால பார்த்தேன், அழுக்கு அங்கதான் இருந்துச்சு."

"அங்க வந்து சேர்ந்துச்சு சார். அங்க பொறக்கல."

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் ஒரு மூடி விழுந்து உருண்டது. தில்லைநாயகத்தின் மனைவி சௌந்தரத்தின் குரல் கூடம் வரை வந்தது.

"அந்த அண்டா எங்க அம்மா குடுத்தது! யாரைக் கேட்டுப் பெட்டியில வச்சே?"

மருமகள் யாழினியின் குரல் அதற்கு மேலே எழுந்தது.

"நீங்களே வச்சுக்கங்க அத்தை! முன்னாடியெல்லாம் உங்களைப் பத்திச் சொல்லி அழ இந்த வீட்ல ஒரு ஆள் இருந்தாங்க. அழுதுட்டுப் போய் உங்களுக்குக் காபி போட்டுக் குடுத்தேன். இப்ப எங்க போய் அழுவேன்? உங்ககிட்டயேதான் சொல்லணும்!"



தில்லைநாயகம் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. எஸ்தர்தான் எதிரில் இருந்தார்.

"கழுவாதேன்னு நீ முதல்லயே சொல்லியிருக்கணுமில்ல? குருன்னு எதுக்கு இருக்கே?"

"சொன்னேன் சார். மீன் விடறதுக்கு முன்னாடி நாப்பது நாள் சும்மா ஓட்டச் சொன்னேன். ஏன்னு கேட்டீங்க. உள்ள குடிவர்றவங்களுக்கு நாள் ஆகும், வந்தப்புறம் கைவைக்காதீங்கன்னு சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டீங்க."

எழுதியிருந்தார். அடியில் சிவப்புக் கோடுகூடப் போட்டிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் அவருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

எஸ்தர் வாளியை இழுத்து, ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டார். தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

"பாதித் தண்ணிய மாத்திடறேன். சாயங்காலம் என் கடைத் தொட்டியில பழுப்பு ஏறின பஞ்சக் கொண்டாந்து இதுல பிழியறேன். இருக்கற மீனக் காப்பாத்திடலாம். மொத்தமும் பழையபடி ஆகறதுக்குத்தான் நாள் புடிக்கும்."

தில்லைநாயகம் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே இருந்த பெட்டியில் மகனின் கையெழுத்தில் பெரிதாக 'ஞாயிறு' என்று எழுதியிருந்தது.

"குருவே, எத்தனை நாள் புடிக்கும்?"

எஸ்தர் வாளியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தொட்டிக்கு நாப்பது நாள் ஆகும் சார். திண்டிவனம் மூணு மணி நேரம்தான்."