சாட்சி சொன்ன கீரி

ஓடைக்கரைக் காட்டில் ஒரு கீரி முட்டை திருடியே வயிறு வளர்த்தது. அந்த வருஷம் காட்டில் நடந்த எழுப்புதல் ஜெபக் கூட்டத்தில் அது மண்ணில் விழுந்து கதறியது. "ஆண்டவரே, இனி ஒரு முட்டையையும் தொடமாட்டேன்!"

அது பொய் அழுகை இல்லை. உள்ளே ஏதோ உண்மையாகவே உடைந்து புதிதானது.

மறுநாள் விடியலில் வளைக்கு வெளியே உட்கார்ந்தது. "இன்றைக்கு ஒரு நாள் என் வாயைக் காத்துக்கொள்ளும்" என்று ஜெபித்தது. பிறகு வண்டும் வெட்டுக்கிளியும் தேடித் தின்றது. தினமும் அப்படியே.

நாற்பது நாள் பார்த்துவிட்டு, ஆள்காட்டிக் குருவி அந்த வளைக்குப் பக்கத்துக் கூழாங்கல் தரையிலேயே நான்கு முட்டை இட்டது.

"நீங்க இருக்கிற இடத்துக்குப் பாம்பு வராது அண்ணே. உங்களை நம்பித்தான்!"

"பயப்படாதே தங்கச்சி!" கீரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

செய்தி பரவியது. கொக்கு பறந்து வந்தது. "பிரதர், அக்கரைக் காட்டில் கூட்டம். நீங்க மனம் மாறின சாட்சியைக் கேட்க எல்லாரும் துடிக்கிறாங்க!"

கீரி போனது. முயல்கள் அழுதன. மயில்கள் தோகை விரித்து ஸ்தோத்திரம் சொல்லின. அடுத்த காடும் கூப்பிட்டது. அதற்கடுத்ததும்.

"அண்ணே, காலையில் ஜெபச் சத்தமே காணோமே?" என்றது குருவி.

"நேரம் எங்கே தங்கச்சி? நாள் முழுக்க அவரைப் பற்றித்தானே பேசுகிறேன்!"

"அவரைப் பற்றிப் பேசுறீங்க, சரி. அவரோட பேசுறீங்களா?"

கீரிக்குச் சுருக்கென்றது. "எனக்கே பிரசங்கமா? நான் வாயைத் திறந்தால் எத்தனை பேர் அழுகிறார்கள், தெரியுமா!"

ஒரு நடுப்பகலில், மூன்று காடு சுற்றிய பசியோடு அது திரும்பியது. குருவி ஓடைக்குப் போயிருந்தது. வெயிலில் முட்டைகள் வெந்துவிடாமல் இருக்க, மார்பு இறகை நனைத்து வந்து அவற்றின்மேல் உட்காருவது அதன் வழக்கம்.

நான்கு முட்டைகள் தனியே கிடந்தன. முகர்ந்து மட்டும் பார்க்கலாம் என்று கீரி குனிந்தது. ஒன்று உடைந்தது. அதற்குப் பிறகு அது எதையும் நினைக்கவில்லை.

ஈர மார்போடு குருவி வந்து நின்றது.

"தங்கச்சி... அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அழுது மன்னிப்புக் கேட்கிறேன்!"

"கேளுங்க அண்ணே. எல்லாரும் கூடவே அழுவாங்க. உங்களுக்குப் புதுசா ஒரு சாட்சியும் கிடைச்சாச்சு." குருவி ஓட்டுச் சில்லுகளைப் பார்த்தது. "இந்த ஈரத்தை நான் எதுமேல வைக்கிறது?"

கூட்டத்தில் ஒருநாள் பெற்ற புது வாழ்வு, தினமும் ஆண்டவர் முன் உட்காராதவனிடம் வெறும் பேச்சாகவே மிஞ்சும். அதன் விலையை அவனை நம்பியவர்களே கொடுப்பார்கள்.